அண்ணாச்சி பட்டறையில் வேட்டிக்குத் தடை

பாளையங்கோட்டையில் எனக்குத் தச்சுவேலை சொல்லித்தரும் அண்ணாச்சி தம் பட்டறைக்கென்று சில சட்டங்கள் வைத்திருக்கிறார். செருப்பு வாசலோடு சரி. மெஷின் ஓடும்போது வேட்டி கூடாது, தோளில் துண்டு கூடாது. உளியின் வாய் மேசை விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஏச்சு விழும். வேட்டி தவிர வேறெதுவும் உடுத்திப் பழகாத சொந்த மைத்துனரையே ஒருநாள் வாசலில் நிறுத்தி, பேன்ட் போட்டுக்கொண்டு வாரும் என்று திருப்பி அனுப்பினார். வட்ட ரம்பம் வேட்டி நுனியைப் பிடித்தால் காலையும் சேர்த்துக் கேட்கும் என்பது அவர் கண்ணால் கண்டது. இவ்வளவு கறாரான மனிதர், கணுக்கால் புதையும் மரத்தூளில் நின்றபடி பீடி பற்றவைப்பார்.

“அது என் சொந்த விஷயம் சார். நான் குடிக்கேன், என் நெஞ்சு கரியுது. இதுல அடுத்தவனுக்கு என்ன?”

வேட்டி கட்டுவதும் சொந்த விஷயம்தானே அண்ணாச்சி என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. தொழில் கற்றுக்கொள்ளப் போன இடத்தில் சில கேள்விகளை விழுங்கத்தான் வேண்டும். ஆனால் விழுங்கிய கேள்வி செரிக்கவில்லை.

அவர் சொன்னதை லேசாகத் தள்ளிவிடவும் முடியாது. சட்டமே அவர் பக்கம்தான் நிற்கிறது. 1999-இல் கேரள உயர் நீதிமன்றம் பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடை செய்தது. 2001-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்குமாக ஓர் உத்தரவு போட்டது. 2003-இல் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது, 2008 காந்தி ஜயந்தி அன்று புதிய விதிகள் அமலுக்கு வந்தன, மீறினால் 200 ரூபாய் வரை அபராதம் என்றார்கள். இத்தனையும் வீட்டு வாசற்படி வரைதான். படியைத் தாண்டி உள்ளே வந்து ‘பீடியை அணை’ என்று சொல்ல எந்த அதிகாரிக்கும் உரிமையில்லை. அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. அடுப்படி வரைக்கும் இன்ஸ்பெக்டர் வருகிற ஊரில் எனக்குக் குடியிருக்க விருப்பமில்லை.

ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் சுதந்திரத்தைப் பற்றி எழுதிய நூலும் ஏறக்குறைய அண்ணாச்சி சொன்னதைத்தான் சொல்கிறது. அடுத்தவருக்குக் கெடுதல் வராத வரையில் ஒருவர்மேல் சமூகம் கைவைக்கக் கூடாது. அவருடைய நன்மைக்காக என்று சொல்லிக்கொண்டும் கைவைக்கக் கூடாது. (முப்பத்தைந்து ஆண்டுகள் கிழக்கிந்தியக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்து, நம்மை எப்படி ஆள வேண்டும் என்று லண்டனிலிருந்து ஓலை எழுதிக்கொண்டிருந்த மனிதர் இதை எழுதினார் என்பது வேறு கதை.) ஆகவே கேள்வி சுதந்திரம் வேண்டுமா வேண்டாமா என்பதில்லை. பட்டறையில் பிடிக்கும் பீடி, குடிக்கிறவரோடு நின்றுவிடுகிறதா என்பதுதான்.

முதலில் குடிக்கிறவரையே எடுத்துக்கொள்வோம். அண்ணாச்சி பீடியைத் தேர்ந்தெடுத்த கதையை அவரே சொன்னார். பதின்மூன்று வயதில் ஒரு பெரிய ஆசாரியிடம் வேலைக்குச் சேர்ந்தார். முதல் வேலை, கடைக்குப் போய்ப் பீடி வாங்கி, தெருமுனை டீக்கடை அடுப்பில் பற்றவைத்து, அணையாமல் கொண்டுவந்து கொடுப்பது. பீடி இலை சிகரெட் தாளைப்போலத் தானாக எரியாது. இழுக்காமல் விட்டால் அணைந்துவிடும். அணைந்த பீடியை நீட்டினால் குட்டு விழும். எனவே டீக்கடையிலிருந்து பட்டறை வருவதற்குள் நாலு இழுப்பு இழுத்தாக வேண்டும். “பழகுனேன்னு சொல்லப்படாது சார், சுமந்தேன்னு சொல்லணும்” என்றார். நிகோடின் ஆளைப் பிடித்துக்கொள்ளும் போதைப்பொருள் என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை 1988-இல்தான் ஓங்கிச் சொன்னது. அண்ணாச்சிக்கு அது டீக்கடைக்கும் பட்டறைக்கும் நடுவிலேயே நடந்து முடிந்துவிட்டது. அப்படி வந்த பழக்கத்தைச் ‘சொந்த விருப்பம்’ என்று அவர் இன்று உரிமையோடு சொல்லும்போது, அந்த உரிமையைப் பிடுங்கவும் மனம் வரவில்லை, அதை முழுக்க நம்பவும் முடியவில்லை.

பீடியை விடு விடு என்று அவரிடம் சொல்லாதவர் இல்லை. மகன் சொல்லியாயிற்று, டாக்டர் சொல்லியாயிற்று, வேலை கொடுக்க வரும் வீட்டுக்காரர்கள்கூட மைக்கா நிறம் தேர்வு செய்கிற இடைவெளியில் ஒரு புத்திமதி சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர்களைப் பற்றி அவர் சொன்ன ஒரு வாக்கியம் எனக்குச் சுருக்கென்று தைத்தது. “பீடிய விடுங்கன்னு சொல்லுதவன் எவனாவது மூக்குக்கு ஒரு மாஸ்க் வாங்கித் தந்திருக்கானா சார்?”

அதில் நியாயம் இருக்கிறது. இங்கிலாந்தில் பக்கிங்ஹாம்ஷயரில் ஹை வைகோம் என்று ஓர் ஊர். நாற்காலிக்குப் பேர்போன ஊர். அந்த வட்டாரத்தில் காது மூக்கு தொண்டை மருத்துவராக இருந்த எஸ்மே ஹாட்ஃபீல்ட், 1960-களில் ஒன்றைக் கவனித்தார். மூக்கின் உள்ளறையில் வரும் ஒருவகைப் புற்றுநோய், மருத்துவர்கள் ஆயுளில் ஓரிரண்டு பார்த்தாலே அதிகம் என்னும்படி அரிதானது, தம்மிடம் வருகிறவர்களில் அடுத்தடுத்துத் தென்படுகிறது. வந்தவர்களில் பலர் மேசை நாற்காலி செய்கிறவர்கள். டொனால்ட் ஆச்சிசன் முதலானவர்களோடு சேர்ந்து ஆராய்ந்து 1968-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். குற்றவாளி புகையிலை இல்லை, மரத்தூள். கடின மரத்தை இயந்திரத்தில் அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது பறக்கிற பொடி பல ஆண்டுகள் மூக்கில் படிந்து செய்த வேலை அது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை புகையிலைப் புகையை 1986-இல் ஐயத்துக்கு இடமில்லாத முதல் வகுப்பில் வைத்தது. 1995-இல் மரத்தூளையும் அதே வகுப்பில் கொண்டுபோய் உட்காரவைத்தது. 2004-இல் ஃபார்மால்டிஹைடும் அங்கே போய்ச் சேர்ந்தது. நம் மாடுலர் கிச்சன்களின் பிளைவுட்டையும் எம்.டி.எஃப் பலகையையும் ஒட்டவைக்கிற பிசினில் இருப்பது அதுதான்.

ஆக, அண்ணாச்சியின் மூச்சுக்குள் போவது பீடி மட்டுமில்லை. நாம் சமையலறையில் திறந்து மூடி அழகு பார்க்கிற ஒவ்வொரு கதவும் அவர் மூக்கு வழியாகத்தான் வந்திருக்கிறது. அந்தத் தூளைப் பற்றி வாய் திறக்காமல், அவர் தம் கைக்காசில் வாங்கிய பீடியைப் பற்றி மட்டும் பேசுகிறவனுக்கு உபதேசம் செய்யும் தகுதி கொஞ்சம் குறைவுதான். அவர் உடம்பைப் பொறுத்தவரை அவர் கட்சியை ஒத்துக்கொள்கிறேன். ஒரு தடவை சொல்லலாம், நட்பு என்றால் இரண்டாம் தடவையும் சொல்லலாம். அதற்குமேல் சொன்னால் அது நச்சரிப்பு.

ஆனால் நெருப்பு அவர் உடம்பில் இல்லை.

அவர் பட்டறை வீட்டுக்குப் பின்னால் இறக்கிய தகரக் கொட்டகை. ஒரு பக்கச் சுவர் அடுப்படியின் சுவர். சுவருக்கும் தகரத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. மேசையின் கீழே இழைப்புச் சுருள். சாண்டர் ஓடும் மூலையில் மாவுபோல நைஸான தூள், சுவர்ச் சட்டத்தில்கூட விரல் கனத்துக்குப் படிந்திருக்கும். மைக்கா ஒட்டும் ரப்பர் பசை டின், மூடி சரியாக அழுந்தாமல். அதன் பக்கத்தில் தின்னர், சீலர், பாலிஷ் போட்ட பழந்துணி. மேசை விளிம்பில் வரிசையாகக் கறுப்புத் தழும்புகள்: வேலை நடுவில் பீடியை வைத்துவிட்டு ரம்பம் எடுக்கப் போனபோதெல்லாம் சுட்ட இடங்கள். புதிதாய் வருகிறவர்கள் அதை ஏதோ அளவுக்குறி என்று நினைத்துக்கொள்வார்கள்.

தழும்பைக் காட்டினால் அவரிடம் பதில் தயார். “சிகரெட்தான் சார் ஆபத்து. வச்சா வச்ச எடத்துல கடைசி வரைக்கும் எரியும். பீடி தானா அணைஞ்சிரும்.” பாதி உண்மை. மீதிப் பாதி அவருடைய தீப்பெட்டியில் இருக்கிறது. அணைந்த பீடியை மறுபடி பற்றவைக்க வேண்டும். ஒரு பீடிக்கு இரண்டு மூன்று குச்சி. தின்னர் ஆவியும் ரப்பர் பசை ஆவியும் காற்றைவிடக் கனம். மேலே போகாது, தரையோடு தரையாக நகர்ந்து தூரத்து மூலை வரை போகும். கனிந்துகொண்டிருக்கும் சிகரெட் நுனி பெட்ரோல் ஆவியையே பற்றவைப்பது அபூர்வம் என்று சோதனை செய்தவர்கள் சொல்கிறார்கள். பற்றவைப்பது தீக்குச்சியின் சுடர். ஆவி மிதக்கும் இடத்தில், தானாக அணைகிற பீடிதான் அதிகம் குச்சி கேட்கும் பீடி.

தூள் விஷயம் வேறு மாதிரி. மரத்தூள் காற்றோடு கலந்து வெடிக்கும் என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. வெடிக்கும்தான், மரவாடி ஆலைகளில் வெடித்திருக்கிறது. ஆனால் வீட்டுக் கொட்டகையில் நின்று வேலை செய்ய முடிகிற அளவுத் தூள் அதற்குப் போதாது; எதிரில் நீட்டிய கை தெரியாத அளவுக்குக் காற்று கெட்டியாக வேண்டும். தூளை உறிஞ்சும் மெஷினின் பைக்குள் அந்த அடர்த்தி வரும், அங்கே ஒரு கங்கு போனால் விபரீதம். மற்றபடி கொட்டகையின் அசல் ஆபத்து சத்தமில்லாதது. குவிந்த தூளில் விழுந்த ஒரு பொறி சுடர்விடாது. உள்ளுக்குள்ளேயே கனன்று, மணிக்கணக்காக ஊர்ந்து, ஆட்கள் கதவைப் பூட்டி, சாப்பிட்டுப் படுத்தபின் தலைதூக்கும். ‘நான்தான் கவனமா இருக்கேனே’ என்கிற உத்தரவாதம் இங்கே செல்லாது. அவர் கவனமாக இருக்கும் நேரத்தில் அது எரிவதில்லை.

பீடியே இல்லாமலும் பட்டறை எரியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1991 பிப்ரவரி 23-ஆம் தேதி இரவு ஃபிலடெல்பியாவில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம் பற்றிக்கொண்டது. தீயணைப்பு வீரர்கள் மூன்று பேர் இறந்தார்கள். மரச்சுவரைத் துடைத்து மெருகேற்ற வந்தவர்கள் லின்சீட் ஆயில் நனைந்த துணிகளை 22-ஆம் மாடியில் குவித்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு வெளியிடும். துணியைச் சுருட்டி வைத்தால் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி ஏறித் தானே பற்றிக்கொள்ளும். அந்தத் துணிக்கு ஒழுக்கமும் கிடையாது, கெட்ட பழக்கமும் கிடையாது. அதை விரித்துக் காயப்போட வேண்டும், அவ்வளவுதான். விரித்துப் போடச் சொன்னால் எந்த ஆசாரியும் அது என் சுதந்திரம் என்று சண்டைக்கு வரமாட்டார்.

வேட்டிக் கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது இந்தப் பக்கத்திலிருந்துதான். பீடியை நாம் வைத்திருக்கும் வரிசை தப்பு. பொய், குடி, சீட்டாட்டம் என்று நீளும் வரிசையில் அதை வைத்துப் பேசுவதால்தான் கேட்கிறவருக்குச் சுர்ரென்று ஏறுகிறது. தன்மானத்தைக் காப்பாற்றச் ‘சொந்த விஷயம்’ என்று கதவை அடைக்கிறார். வேட்டி, துண்டு, உளி முனை, எண்ணெய்த் துணி இருக்கும் வரிசையில் வைத்தால் யாரும் யாரையும் திருத்த வேண்டியதில்லை. அது ஆளுக்குப் போடும் சட்டமாக இல்லாமல் அறைக்குப் போடும் சட்டமாகிவிடுகிறது.

ஆனால் ஒரு சங்கடம். பீடி வெறும் புகை மட்டுமாக இருந்தால் அதைக் கொட்டகைக்கு வெளியே தள்ளுவது எளிது. கூலி வேலையில் அதற்கு இன்னொரு பெயர், ஓய்வு. பிறர் வீட்டில் வேலை செய்யும் ஆசாரி சும்மா ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால் வீட்டுக்காரர் மணி பார்ப்பார். அதே ஆசாரி பீடியோடு உட்கார்ந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். ‘தம் போடுதாரு’ என்று அந்த ஐந்து நிமிஷத்துக்கு ஊரே அனுமதி கொடுத்து வைத்திருக்கிறது. பீடி குடிக்காத கையாள் பையனுக்கு அந்த விடுப்பு கிடையாது. பெரியவர் குடித்து முடிக்கும்வரை அவன் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டே இருப்பான், இல்லாவிட்டால் தூள் கூட்டுவான். ஐந்து நிமிஷம் உட்கார வேண்டுமென்றால் அவனும் பற்றவைக்கப் பழகவேண்டும். எத்தனை பேர் புகையிலையை நாடிப் போனார்கள், எத்தனை பேர் அந்த ஐந்து நிமிஷத்தை நாடிப் போனார்கள் என்று யாராவது கணக்கெடுத்தால் நன்றாயிருக்கும்.

வேலைக்கும் அந்த ஐந்து நிமிஷம் தேவை. மரத்துக்கு மேல் குனிந்துகொண்டிருக்கும்போது கோணல் தெரியாது. பீடியோடு இரண்டடி பின்னால் தள்ளி நிற்கும்போதுதான் அண்ணாச்சிக்குச் சட்டத்தின் ஒரு கால் தூக்கலாக இருப்பது தெரியும், அறுக்கப்போன இடத்தில் அறுக்கக் கூடாது என்று புத்தியில் படும். அவர் செய்த நல்ல வேலைகளில் பாதி அந்தப் புகைக்கு நடுவில் யோசித்ததுதான். பீடியைப் பிடுங்குகிறவன் அந்த நிறுத்தத்தையும் சேர்த்துப் பிடுங்கினால், மரத்துக்கு நஷ்டம்.

கையாள் பையனைப் பற்றிச் சொன்னேன். சட்டத்தில் அங்கேதான் ஒரு முடிச்சு விழுகிறது. 2008 விதிகள் பணியிடங்களையும் பொது இடக் கணக்கில் சேர்க்கின்றன. சம்பளத்துக்கு ஓர் ஆளை வைத்துக்கொண்டபின் கொட்டகை வீடா, பணியிடமா? வக்கீல்கள் இரண்டு பக்கமும் பேசுவார்கள். பையன் எந்தப் பக்கமும் பேசமாட்டான். ‘அண்ணாச்சி, புகை ஒத்துக்கலை’ என்று சொல்லும் கையாளை நான் இன்னும் பார்க்கவில்லை. சொந்த விருப்பம் என்பது அந்த அறையில் ஓர் ஆளிடம் மட்டும்தான் இருக்கிறது. மற்றவர்கள் அதை மூச்சில் இழுக்கிறார்கள். ஜப்பானில் ஹிராயமா 1981-இல் வெளியிட்ட ஆய்வு, தாம் புகைக்காத, ஆனால் கணவர் அதிகம் புகைக்கிற பெண்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக வருவதைக் காட்டியது. அடுத்தவர் விடும் புகையையும் 2002-இல் புற்றுநோய் ஆய்வு முகமை அதே முதல் வகுப்பில் சேர்த்தது.

அண்ணாச்சி வீட்டு அக்காவுக்கு இதெல்லாம் செய்தியில்லை. அவர்கள் பீடி சுற்றுகிறவர்கள். மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம் என்று எங்கள் வட்டாரத்தில் பல வீடுகளில் சோறு அதிலிருந்துதான். நனைத்த இலையைத் தகட்டு அளவுக்குக் கத்தரித்து, சொளவு மடியில் கிடக்க, தூளை வைத்துச் சுருட்டி நூல் கட்டும் வேகம் பார்க்கவே அச்சமாக இருக்கும். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. முன்வாசலில் புகையிலைத் தூள், பின்வாசலில் மரத்தூள், நடுவில் அடுப்படி. இந்த வீட்டில் யார் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

என் வீட்டில் கார் இல்லாத கார் ஷெட் ஒன்று உண்டு. அதைச் சுத்தம் செய்து ஒரு மேசை போட்டு, எனக்கென்று சின்னதாய் ஒரு பட்டறை வைத்தேன். அண்ணாச்சி ஞாயிறுதோறும் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. முதல் வேலையாகச் சுவரில் சாக்பீஸால் எழுதினேன்: மெஷின் ஓடும்போது வேட்டி, துண்டு கூடாது. எண்ணெய்த் துணியைச் சுருட்டி வைக்கக் கூடாது. உள்ளே நெருப்பு கூடாது. செருப்பு போட்டுக்கொள்ளலாம். வெளியே முருங்கை மரத்தடியில் ஒரு பெஞ்சும், மணல் போட்ட ஒரு பெயின்ட் டப்பாவும் வைத்தேன். டீ வந்தால் எல்லோரும் பெஞ்சுக்குப் போய்விடுவது, பீடி இருந்தாலும் இல்லாவிட்டாலும், என்பது எழுதாத சட்டம்.

அண்ணாச்சி வந்து சுவரைப் படித்தார். நான் எதிர்பார்த்த வரியில் அவர் நிற்கவே இல்லை. “செருப்பு போடலாமா? இது என்ன சார் பட்டறை, பஸ் ஸ்டாண்டா?” என்றார். அதற்கு ஒரு சண்டை போட்டோம். ஆணி குத்தும் என்றேன், தொழில் நடக்கிற இடம் என்றார். இன்றுவரை அவர் வெறுங்காலோடுதான் உள்ளே வருகிறார். பீடிக்கு எழுந்து முருங்கைக்குப் போய்விடுகிறார். அங்கிருந்து வாசல் வழியாக நான் செய்யும் அலமாரியைப் பார்த்துக்கொண்டே, “வலது பக்கம் தணிஞ்சிருக்கு சார், மூலைமட்டம் வைங்க” என்று குரல் கொடுக்கிறார். தூரம் கூடியதால் கண் இன்னும் கூர்மையாகிவிட்டது போலிருக்கிறது.

அவருடைய பட்டறையில் என் சட்டம் செல்லாது, செல்லவும் கூடாது. ஒன்றே ஒன்று மட்டும் சொன்னேன். பேத்தி பள்ளிவிட்டு வந்ததும் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அந்தக் கொட்டகையில்தான் வீட்டுப்பாடம் எழுதுவாள். தாத்தாவின் பேச்சும் மரவாசனையும் அவளுக்குப் பிடிக்கும். பிள்ளை இருக்கும்போது வேண்டாமே அண்ணாச்சி என்றேன். தலையாட்டினார். அடுத்த முறை போனபோது ஸ்டூல் முன்வாசல் திண்ணைக்கு மாறியிருந்தது. பீடி இருந்த இடத்திலேயே இருந்தது. அதுவும் ஒரு தீர்வு என்றே அவர் மனதார நினைத்தார். ரப்பர் பசை டின் திறந்திருக்கும்போது மட்டும் வெளியே போய்க் குடிப்பதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். அதைக் காப்பாற்றவும் செய்கிறார்.

அக்காவிடம் இதைச் சொன்னேன். சொளவிலிருந்து தலை நிமிராமல், “உள்ள குடிச்சா என்ன, வெளிய குடிச்சா என்ன, சுத்துதது நாந்தான தம்பி” என்றார்கள். இதற்கு மில்லிடமும் பதில் இருக்குமா என்று தெரியவில்லை.

இப்போது கொட்டகையின் எதிர்ப்பக்கத் தகரத்தில் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்கலாம் என்று பேச்சு நடக்கிறது. சுவர் இடைவெளியையும் செங்கல் வைத்து அடைத்துவிட்டால் அடுப்படிக்குள் வருவது கொஞ்சமாவது குறையும். செலவு என்னுடையது, தொழில் சொல்லிக் கொடுத்ததற்குக் காணிக்கை என்றேன். அண்ணாச்சி நெடுநேரம் யோசித்தார்.

“மெஷின் தூளுக்குன்னா வைங்க சார். பீடிக்குன்னா வேண்டாம்.”

தூளுக்குத்தான் அண்ணாச்சி என்றேன்.